காதுக்கும் ஒரு லைசென்ஸ்

அவரை எல்லோரும் ஸ்டிக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டின மனைவி மட்டும் ‘என்னங்க’ என்பாள். அவளுக்கும் கோபம் தலைக்கேறிவிட்டால் ‘யோவ் ஸ்டிக்கர்’தான். அரசுப் பள்ளிகளில் பிள்ளைகளின் காதைச் சோதிக்க மெஷின் வைத்திருப்பார்கள். அதை வருடம் ஒரு தடவை வாங்கிப் பிரித்து, மீட்டரில் மாட்டி, ஒவ்வொரு சத்தமும் இருக்க வேண்டிய அளவில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதன் முதுகில் ஒரு பச்சை ஸ்டிக்கரை ஒட்டி அனுப்புவது அவர் வேலை. அந்த ஸ்டிக்கர் இல்லாத மெஷினில் எப்பேர்ப்பட்ட நிபுணர் சோதித்தாலும் செல்லாது. சட்டம் அப்படி. ஒரு துண்டுக் காகிதம் ஒட்டுகிற மனிதனுக்கு இவ்வளவு அதிகாரம் கொடுத்தால் தலைக்கனம் வருமா, வராதா? வந்தது. தலைமையாசிரியர்களை வாசலில் நிற்க வைப்பார். அதிகாரிகள் போன் செய்தால், ‘லைன்ல இருங்க’ என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவார்.

அப்படிப்பட்டவர் ஒரே ஒருவர் முன்னால் மட்டும் கைகட்டி நிற்பார். அவர்தான் காது டீச்சர். அரசுப் பள்ளிகளில் பேச்சுக்கும் காதுக்கும் இருக்கிற நிபுணர் அவர். பதவியின் பெயர் நீளமானது, பிள்ளைகள் வாயில் நுழையாது. அதனால் காது டீச்சர்.

முதல் தடவை அவரைப் பார்க்கப் போனது ஒரு பழுதான வயரை மாற்றித் தர. பள்ளியின் கோடியில் ஒரு சின்ன அறை. சுவர் முழுக்கப் பழைய கம்பளி ஒட்டி, ஜன்னலை அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். உள்ளே ஒரு பொடியன், தலையை விடப் பெரிய ஹெட்போன் மாட்டிக்கொண்டு, மெஷினுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு கிண்ணம் மரமணிகள், முன்னால் ஒரு டப்பா. சத்தம் கேட்டால் ஒரு மணியை எடுத்து டப்பாவில் போட வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

“தம்பி, சுவரோரமா நில்லுங்க. செருப்பைக் கழட்டிடுங்க, கீச்சுங்குது” என்றார் டீச்சர், திரும்பாமலே.

ஸ்டிக்கர் கழற்றினார். தலைமையாசிரியர் சொன்னால்கூடக் கழற்றியிருக்க மாட்டார்.

டீச்சர் ஒரு பொத்தானை அழுத்தினார். பையன் மணியைப் போட்டான். சத்தத்தைக் குறைத்து மறுபடி அழுத்தினார். போட்டான். இன்னும் குறைத்தார். இப்போது பையன் அசையவில்லை. முடிந்தது போலிருக்கிறது என்று ஸ்டிக்கர் நினைத்தார். ஆனால் டீச்சர் பொறுத்துக்கொண்டு அந்தப் பிள்ளையின் தோள்பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பையன் மூச்சை நிறுத்தினான். கழுத்தை ஒரு நூல் அளவு சாய்த்தான். கை மெல்ல எழும்பி ஒரு மணியை எடுத்தது. டப்பாவில் விழுந்தபோது அவன் முகத்தில் ஒரு சிரிப்பு. இந்த உலகத்தில் தனக்கு மட்டும் யாரோ ரகசியம் சொல்லிவிட்டுப் போனதுபோல் சிரித்தான்.

ஸ்டிக்கருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இத்தனை காலமாக அவருக்குச் சத்தம் என்றால் மீட்டரில் ஆடுகிற முள். அது ஒரு பிள்ளைக்குள் போய்ச் சேர்வதை அன்றுதான் பார்த்தார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார்: “நான் இவ்வளவு நாளும் தபால்பெட்டிக்குப் பெயின்ட் அடிச்சிட்டு இருந்திருக்கேன்டி. அந்தம்மாதான் கடுதாசி குடுக்குறாங்க.”

“சரி, சாப்பிட்டுட்டுப் பெயின்ட் அடிங்க” என்றாள் அவள்.

அதற்கப்புறம் அவர் காது டீச்சரைப் பற்றி விசாரித்து விசாரித்துத் தெரிந்துகொண்டார். விசாரிக்க விசாரிக்க மலைப்புதான் வந்தது. டீச்சர் முதலில் டீச்சரே இல்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். காதில் ஹெட்செட், கையில் பிளக், நாள் முழுக்க ‘லைன்ல இருங்க, இணைக்கிறேன்.’ இரைச்சலை வைத்தே எந்த ஊர் லைன் என்று சொல்லிவிடுவாராம். அந்தக் காலத்து மேற்பார்வையாளர்கள் கோளாறு கண்டுபிடிக்க மெக்கானிக்கைக் கூப்பிடுமுன் இவரைத்தான் கூப்பிடுவார்களாம். எக்ஸ்சேஞ்சைத் தானியங்கியாக்கி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியபோது இவருக்கு இரண்டு பிள்ளைகள், முப்பது தாண்டிய வயசு. ‘இந்தக் காதை வச்சு வேற என்ன பண்ணலாம்?’ என்று யோசித்து இந்தப் படிப்புக்குப் போனார்.

படித்தால் மட்டும் வேலை கொடுத்துவிடுவார்களா? அரசுப் பள்ளியில் ஒரு பிள்ளையின் காதைத் தொட லைசென்ஸ் வேண்டும். பட்டம் வேண்டும், அதற்கு மேல் ஒரு பட்டம் வேண்டும். பிறகு ஒரு வருடம் ஏற்கெனவே லைசென்ஸ் வைத்திருக்கிற ஒருவரின் கண் பார்வையில் வேலை செய்ய வேண்டும். அவர் பக்கத்தில் இல்லாமல் ஒரு பொத்தானை அழுத்தினாலும் அது கணக்கில் சேராது. அப்புறம் எழுத்துத் தேர்வு, அப்புறம் நேரில் கேள்வி. எல்லாம் முடிந்து லைசென்ஸ் கைக்கு வந்தாலும் நிம்மதியில்லை. சில வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும், புதுப்பிக்கும்போது நிபுணரின் சொந்தக் காதையும் சோதிப்பார்கள். கண் தெரியாதவனுக்கு வண்டி ஓட்ட லைசென்ஸ் கொடுப்பார்களா? அது மாதிரி.

டீச்சர் இதையெல்லாம் தாண்டி வந்தவர். ஒரு தேர்வில் கோட்டை விட்டு, அழுது, மறுபடி எழுதியவர். அவர் வீட்டுக்காரர் அந்த வருடம் சமைக்கக் கற்றுக்கொண்டார் என்று சொல்வார்கள். உயிர் பிழைத்தது பிள்ளைகளின் அதிர்ஷ்டம்.

இன்னொரு விதியும் உண்டு. தினமும் முதல் பிள்ளை வருமுன் நிபுணர் தானே ஹெட்போனை மாட்டி, கட்டைச் சத்தத்திலிருந்து கீச்சுச் சத்தம் வரை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். மீட்டர் வருடத்துக்கு ஒரு நாள், காது ஒவ்வொரு நாளும். இங்கேதான் வந்தது வினை.

ஒரு நாள் டீச்சரிடமிருந்து மெஷின் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது. ‘கீச்சுச் சத்தம் இறங்கிவிட்டது’ என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஸ்டிக்கர் மீட்டரில் மாட்டினார். முள் இருக்க வேண்டிய இடத்தில் இம்மி பிசகாமல் நின்றது. துடைத்து, திரும்ப அனுப்பினார். மறு வாரமே மெஷின் மறுபடி வந்து நின்றது. ஹெட்போனை மாற்றினார், வயரை மாற்றினார், தன் காதிலேயே மாட்டிக் கேட்டார். குயில் கூவுவதுபோல் தெளிவாகக் கேட்டது. நேரிலேயே எடுத்துக்கொண்டு போனார்.

“எனக்கு நல்லாக் கேக்குதே டீச்சர்.”

டீச்சர் ஹெட்போனை மாட்டிக் கேட்டார். உதட்டைப் பிதுக்கினார். “இல்ல தம்பி. பக்கத்து ரூம்ல ஊதுற மாதிரி இருக்கு. ரெண்டு பக்கமும் அப்படித்தான்.”

“மீட்டர் சரின்னு சொல்லுதுங்க.”

“மீட்டரைச் செஞ்சதும் மனுஷன்தானே? எக்ஸ்சேஞ்ச்ல இருந்த காலத்துல இருந்து இந்தக் காதோட இருக்கேன். இதை நம்பித்தான் பிள்ளைங்களைச் சோதிக்கிறேன். இப்படி ஒரு மெஷினை வச்சு வேலை பார்க்க எனக்கு மனசு வரல.”

அந்த நேரத்தில் ஸ்டிக்கரின் மண்டையில் ஒரு நினைப்பு மின்னிவிட்டுப் போனது. போன வேகத்தில் அவரே கன்னத்தில் போட்டுக்கொண்டார். காது டீச்சருக்கே காதா? என்ன பேச்சு இது! உரைகல்லையே உரசிப் பார்க்க எவனுக்குத் துணிச்சல் வரும்?

ஒர்க்‌ஷாப்புக்கு வந்து மெஷினையும் மீட்டரையும் மாற்றி மாற்றிப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மூன்றாம் தடவையும் திருப்பி அனுப்பினால் டீச்சர் மனம் நோகும், பிள்ளைகளைச் சோதிக்காமல் நிறுத்தினாலும் நிறுத்துவார். மனைவியிடம் கேட்டார். “அனுபவம் உள்ளவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். உங்க மீட்டரைத் தூக்கி உடைப்புல போடுங்க” என்றாள். அவள் மேல் பழி போட முடியாது. மீட்டர் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாது. இவருக்குத் தெரியும். தெரிந்தும் திருப்புளியை எடுத்து, உள்ளே அந்தக் கீச்சுச் சத்தத்தை மட்டும் மூன்று படி ஏற்றிவிட்டு, மேலே பச்சை ஸ்டிக்கரையும் ஒட்டினார்.

டீச்சர் கேட்டுப் பார்த்துவிட்டு முகமெல்லாம் மலர்ந்தார். “இப்பத்தான் தம்பி சரியா இருக்கு. பார்த்தீங்களா, நான் சொன்னேன்ல?”

“நீங்க சொன்னா தப்பாகுமா டீச்சர்” என்றார் ஸ்டிக்கர். வெளியே வரும்போது நெஞ்சில் ஒரு சின்ன முள் உறுத்தியது. டீச்சர் சிரித்ததை நினைத்து அதை மறந்துபோனார்.

அது பள்ளி திறந்த சமயம். காலம் ஓடி மறு வருடப் பள்ளி திறப்பு நெருங்கியபோது டீச்சரின் லைசென்ஸ் புதுப்பிக்கும் வேளை வந்தது. லைசென்ஸ் ஆபீசில் சத்தம் புகாத கண்ணாடி அறை ஒன்று உண்டு. நிபுணர்களின் சொந்தக் காதை அங்கேதான் சோதிப்பார்கள். அந்த அறையின் மெஷினை அன்று காலையில் சரிபார்த்து ஸ்டிக்கர் ஒட்டியவரும் இவரேதான். திருப்புளியைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தபோது டீச்சர் வந்தார். கையில் குடை, முகத்தில் கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி ஒரு கலகலப்பு.

“அட, தம்பியும் இங்கதானா? இருங்க, ஒரு நிமிஷத்துல வந்துடுறேன், சேர்ந்து டீ குடிப்போம்.”

கண்ணாடிக்குள் போய் ஹெட்போனை மாட்டி, கையில் பொத்தானை வாங்கிக்கொண்டார். சத்தம் கேட்டால் உள்ளே இருப்பவர் பொத்தானை அழுத்த வேண்டும், வெளியே ஒரு விளக்கு எரியும். சோதிக்கிற அதிகாரி கட்டைச் சத்தம் கொடுத்தார். விளக்கு எரிந்தது. குறைத்தார். எரிந்தது. இன்னும் குறைத்தார். எரிந்தது. எக்ஸ்சேஞ்ச் காதல்லவா!

கீச்சுச் சத்தத்துக்கு வந்தார். விளக்கு எரியவில்லை. கூட்டினார். எரியவில்லை. இன்னும் கூட்டினார். கண்ணாடிக்குள் டீச்சர் புன்னகை மாறாமல், அடுத்த சத்தம் எப்போது வரும் என்று காத்திருந்தார். சத்தம் வந்துகொண்டேதான் இருந்தது. அதிகாரியின் பின்னால் நின்றிருந்த ஸ்டிக்கருக்கு ஹெட்போன் இல்லாமலே அது கேட்பதுபோல் இருந்தது. கடைசியில், வெகு உயரத்தில், விளக்கு எரிந்தது.

டீச்சர் வெளியே வந்து, காது கேட்கிற அளவைக் கோடாகக் காட்டும் படத்தைக் கேட்டு வாங்கினார். கொடுத்துவிட்டு அதிகாரி தன் அறைக்குப் போனார். எத்தனை பிள்ளைகளுக்கு இந்தப் படத்தைப் போட்டிருப்பார்! யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கோடு ஒழுங்காக வந்து, கடைசியில் கிணற்றில் விழுந்ததுபோல் இறங்கியிருந்தது.

“இந்த மெஷின்…” என்று ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திவிட்டு, மெஷினின் முதுகைப் பார்த்தார். அன்றைய தேதியோடு பச்சை ஸ்டிக்கர். பிறகு இவரைப் பார்த்தார்.

“இதை நீங்கதானே பார்த்தீங்க, தம்பி?”

“ஆமாங்க டீச்சர். காலையிலதான்.”

“சரியா இருந்துச்சா?”

“இருந்துச்சுங்க.”

“அப்ப என்னோடதுல என்ன பண்ணினீங்க?”

பொய் சொல்ல நாக்கு எழவில்லை. “ஏத்தி வச்சேன் டீச்சர். மூணு படி. நீங்க மனசு கஷ்டப்படுவீங்கன்னு…”

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஸ்டிக்கர் திட்டுக்குக் காத்திருந்தார். ‘படுபாவி, என் லைசென்ஸுக்கு உலை வச்சியே’ என்று ஒரு வார்த்தை சொன்னால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தன் காது போனதை அந்த அம்மாள் சற்றுமுன்தான் தெரிந்துகொண்டிருக்கிறார். சோறு போட்ட காது. ஆனால் டீச்சர் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

“பள்ளிக்கூடம் திறந்தப்பதானே? அதுக்கப்புறம் நான் சோதிச்ச பிள்ளைங்க அத்தனை பேருக்கும் கீச்சுச் சத்தம் மூணு படி கூடுதலாப் போயிருக்கு. லேசாக் குறை இருக்கிற பிள்ளை எல்லாம் நல்லாக் கேக்குதுன்னு மணியைப் போட்டிருக்கும். நானும் ‘சபாஷ்’னு அனுப்பியிருக்கேன்.” படத்தை மடியில் போட்டார். “ஐயோ தம்பி, எத்தனை பிள்ளைங்க!”

விஷயம் என்னவென்றால், காதுக்கு ஒரு கருவி மாட்டிக்கொண்டால் லைசென்ஸைப் புதுப்பிக்க விதி இடம் கொடுக்கிறது. அறையிலிருந்து திரும்பி வந்த அதிகாரியே அப்படித்தான் சொன்னார்: “இது வயசுக்கு வர்றதுதான் டீச்சர். கருவி போட்டுட்டு வாங்க, லைசென்ஸ் குழுவுல வச்சு முடிச்சிடலாம்.” பள்ளி மெஷினில் நடந்த கூத்து அவருக்குத் தெரியாது. தெரிந்தது இந்த இரண்டு பேருக்கு மட்டும். ஸ்டிக்கர் டீச்சரை வராந்தாவுக்குக் கூட்டிப் போய்க் கெஞ்சினார்.

“நான் இன்னிக்கே போய்ச் சத்தத்தை இறக்கிடுறேன். யாருக்கும் தெரியாது. அந்தப் பிள்ளைங்களை ஏதாவது ஒரு சாக்குச் சொல்லி மறுபடி சோதிச்சிடலாம். வாயைத் திறந்தீங்கன்னா உங்க லைசென்ஸ் போயிடும் டீச்சர். என் வேலையும்தான்.”

“சாக்குச் சொன்னா, அம்மா அப்பா எல்லாம் இந்த ஒரு வருஷத்துக்கு யாரைக் குத்தம் சொல்வாங்க? பிள்ளையைத்தான் சொல்வாங்க” என்றார் டீச்சர். குடையை எடுத்துக்கொண்டு நேராக அதிகாரியின் அறைக்குள் போனார். ஒன்றுவிடாமல் சொன்னார்.

அடேயப்பா! ஸ்டிக்கர் தன் வாழ்க்கையில் எத்தனையோ பெரிய மனிதர்களைப் பார்த்திருக்கிறார். பழியைத் தள்ளிவிடுவதில் சமர்த்தர்கள், பல்லி வாலை விடுவதுபோல் அடுத்தவனை விட்டுவிட்டு ஓடுகிறவர்கள். தன் தலையைத் தானே கொண்டுபோய் மேஜைமேல் வைக்கிற ஒருவரை அன்றுதான் பார்த்தார். பயமாகவும் இருந்தது, கும்பிட வேண்டும்போலவும் இருந்தது.

டீச்சரின் லைசென்ஸை அன்றே நிறுத்தி வைத்தார்கள். அதனால் பிள்ளைகளை மறுபடி சோதிக்க வெளியிலிருந்து ஒரு நிபுணர் வந்தார். டீச்சர் மெஷினைத் தொடக் கூடாது. தொடவில்லை. அறைக்கு வெளியே நின்று, வரிசை பிடித்து, மூக்கு ஒழுகுகிறவனுக்குத் துடைத்து, பயந்ததுக்குத் தைரியம் சொல்லி, ஒவ்வொன்றாக உள்ளே அனுப்பினார். பெரும்பாலான பிள்ளைகளுக்குக் குறை ஒன்றும் இல்லை. ஒவ்வொரு பிள்ளையும் நல்லபடியாக வெளியே வரும்போது அவர் கண்ணை மூடித் திறப்பதை ஸ்டிக்கர் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிலர் அகப்பட்டார்கள். அதில் ஒருத்தி மூன்றாம் வகுப்புப் பெண். வகுப்பில் அவளுக்குக் கனவுராணி என்று பட்டம். கூப்பிட்டால் திரும்புவாள், சொன்னது மட்டும் பாதிதான் போய்ச் சேரும். கட்டையான எழுத்துகள் எல்லாம் கேட்கும், சன்னமான எழுத்துகள் எல்லாம் காற்றோடு போய்விடும். ஆகவே எல்லோரும் அவளை அசட்டைக்காரி என்று முடிவு கட்டியிருந்தார்கள்.

அவள் அம்மா ஒரு தையல் கடையில் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுக்கிறவள். டீச்சர் நேரில் போய்ச் சொல்வதாகக் கிளம்பினார். ஸ்டிக்கரும் கூடப் போனார். யாரும் கூப்பிடவில்லை. கால் தானாகப் போனது.

கடைக்குள் துணிக்குவியல்களுக்கு நடுவில் அவள் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். டீச்சர் சுற்றி வளைக்கவில்லை. “உங்க பொண்ணுக்குக் காதுல குறை இருக்கும்மா. போன வருஷமே இருந்திருக்கு. நான் சோதிச்சப்ப நல்லாக் கேக்குதுன்னு சொன்னது தப்பு. அவ மேல தப்பில்ல. என் மேலதான்” என்றார்.

“என் மேலயும்தான்” என்றார் ஸ்டிக்கர். அந்தத் தாய் அவரைப் பார்க்கக்கூட இல்லை.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்தபோது கையிலிருந்த சட்டை கீழே விழுந்தது. “நீங்கதானே நல்லாக் கேக்குதுன்னு சொன்னீங்க? அதை நம்பித்தானே நான் அவளை அடிச்சேன்! சொல்றது எல்லாம் காதுல விழுது, திமிருல செய்ய மாட்டேங்குறான்னு… ஒரு வருஷமா அடிச்சேனே! அவ ஏன் அடிக்கிறேன்னு தெரியாமலே என்னைப் பார்ப்பாளே!”

தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. கடை முழுக்க டீச்சரையே பார்த்தது. டீச்சர் தலையைக் குனியவுமில்லை, ஒரு சமாதானம் சொல்லவுமில்லை. நின்று வாங்கிக்கொண்டார்.

“உங்களுக்கெல்லாம் யாரு லைசென்ஸ் குடுத்தது?” என்று கத்தினாள் அவள். “நானே வர்றேன். அந்த ஆளுங்ககிட்ட வந்து கேக்குறேன். கிழிச்சுப் போடச் சொல்றேன்!”

“கண்டிப்பா வாங்கம்மா” என்றார் டீச்சர். குழு கூடுகிற நாளையும் இடத்தையும் சொன்னார். “பொண்ணையும் கூட்டிட்டு வாங்க. அவளுக்குக் கருவிக்கு அளவெடுக்கிறதும் அதே கட்டடத்துலதான்.”

வெளியே வந்ததும் ஸ்டிக்கர் வாய்விட்டே கேட்டார். “எதிர்சாட்சியை நீங்களே வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிடுறீங்களே டீச்சர்?”

“அவங்களுக்குச் சொல்ல இருக்கு தம்பி. சொல்ல ஒரு இடம் வேணும்ல?”

குழு கூடிய நாள் வந்தது. நீள மேஜை, பின்னால் மூன்று பேர். சுவரோரப் பெஞ்சில் தையல்கடைக்காரி, பக்கத்தில் கனவுராணி. குழுத் தலைவர் நல்ல மனிதர். நல்ல மனிதர்களால் வருகிற ஆபத்து தனி ரகம். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இதமாகச் சொன்னார்: “டீச்சர், உங்க சர்வீஸ் எங்களுக்குத் தெரியும். மெஷினைத் திருகினது டெக்னீஷியன். தப்பான ஸ்டிக்கர் ஒட்டினதும் அவர்தான். அந்த அளவுல முடிச்சிட்டா, நீங்க கருவி போட்டுக்குறதா எழுதிக் குடுத்துட்டு இன்னிக்கே புதுப்பிச்சுக்கலாம்.”

ஸ்டிக்கருக்கே அது சரியாகப் பட்டது. நியாயம்தான். தப்பு அவர் கையால் நடந்தது. டீச்சர் ‘ஆமாம்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லிவிட மாட்டாரா என்று அவரே ஆசைப்பட்டார்.

“அவர் மெஷினைச் சரியா ரெண்டு தடவை திருப்பிக் குடுத்தார்” என்றார் டீச்சர். “நான்தான் ஒத்துக்கல. இன்னொருத்தர் காதுல மாட்டிக் கேக்கச் சொல்லியிருக்கலாம். சொல்லல. என் காதைச் சந்தேகப்பட எனக்கே தோணல. அவர் திருகினார், சரி. திருக வச்சது என் பிடிவாதம். இவ்வளவு தப்பு பண்ணினவளுக்கு இன்னிக்கே லைசென்ஸ் குடுத்தீங்கன்னா, அந்த லைசென்ஸுக்கு என்ன மதிப்பு?”

அப்புறம் பிள்ளைகளுக்கு என்ன ஆயிற்று என்று சொன்னார். ஒரு வருடம் ஒரு பிள்ளை எதையெல்லாம் இழக்கும், வகுப்பில் என்ன பேர் வாங்கும், வீட்டில் எதற்கு அடிபடும் என்று எதையும் மழுப்பாமல் சொன்னார். தலைவர் தையல்கடைக்காரியைப் பார்த்து, “நீங்க சொல்ல வேண்டியது இருந்தா சொல்லுங்கம்மா” என்றார்.

அவள் எழுந்தாள். வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்தவள் மாதிரி வாயைத் திறந்தாள். மூடினாள். “நான் சொல்ல வந்ததை எல்லாம் இவங்களே சொல்லிட்டாங்க” என்று உட்கார்ந்துவிட்டாள்.

குழு உள்ளே போய்ப் பேசி முடித்து வந்தது. ஸ்டிக்கர் தன் வேலைக்கான தேர்வை மறுபடி எழுத வேண்டும், அதுவரை எந்த மெஷினிலும் ஒட்டக் கூடாது. டீச்சருக்குப் புதுப்பிப்பு இல்லை. கருவி மாட்டிக்கொண்டு, இன்னொரு லைசென்ஸ்காரரின் கண் பார்வையில், ஆரம்பத்தில் செய்தது போலவே ஒரு வருடம் முழுக்க வேலை செய்ய வேண்டும். அதற்கப்புறம்தான் முடிவு. பணி ஓய்வுக்குப் பக்கத்தில் நிற்கிற ஒருவருக்கு முதல் வகுப்பிலிருந்து தொடங்கு என்று சொன்ன மாதிரி. ஸ்டிக்கருக்குக் கண் கலங்கிவிட்டது. டீச்சர் மட்டும் பிள்ளை சரியாகப் போட்ட கணக்கைப் பார்த்ததுபோல் தலையை ஆட்டினார்.

“சரிங்க. திங்கக்கிழமை பிள்ளைங்களை யார் பார்ப்பாங்கன்னு மட்டும் சொல்லிடுங்க. வரிசை பிடிக்க நான் வந்துடுறேன்.”

வராந்தாவுக்கு வந்தார்கள். கனவுராணி ஜன்னல் பக்கம் போய் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். காதுக்குப் பின்னால் அன்று காலையில் போட்டுப் பார்க்கக் கொடுத்த கருவி. அதைப் புதுத் தோடு மாதிரி அடிக்கடி தொட்டுக்கொண்டாள். தையல்கடைக்காரி டீச்சரிடம் வந்தாள். ஸ்டிக்கர் குறுக்கே விழத் தயாரானார். ஆனால் அவள் குரலில் சூடே இல்லை.

“டீச்சர், நீங்க எல்லார் முன்னாடியும் சொல்லிட்டீங்க. நான் இன்னும் அவகிட்ட ஒண்ணும் சொல்லல. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. பெத்தவ பிள்ளைகிட்ட… எப்படிச் சொல்லணும்?”

டீச்சர் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். “அவ முன்னாடி உக்காருங்க. உங்க முகத்துல வெளிச்சம் விழணும், அவ பின்னாடி ஜன்னல் இருக்கட்டும். உதட்டை மறைக்காதீங்க. கத்தாதீங்க. மெதுவாச் சொல்லுங்க. ஒரு விஷயம் மட்டும் சொல்லுங்க. சொல்லிட்டு, அவ பேசற வரைக்கும் பொறுங்க” என்றார்.

காது குறைந்த எந்தப் பிள்ளையிடம் பேசவும் அவர் எல்லாப் பெற்றோருக்கும் சொல்கிற பாடம்தான் அது. ஸ்டிக்கர் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார்.

அவள் போய் மகளின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். முகத்தில் வெளிச்சம் விழுந்தது. “நீ சரியாத்தான் இருந்தே. அம்மாதான் தப்பு பண்ணினேன்” என்றாள். அவ்வளவுதான். பிறகு பொறுத்தாள். குழந்தை அம்மாவின் உதட்டைப் பார்த்தது, கண்ணைப் பார்த்தது, திடீரென்று அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, தோளில் முகத்தைப் புதைத்து, மெல்லிய குரலில் என்னவோ சொன்னது.

டீச்சர் ஒரு எட்டு முன்னால் வைத்துக் காதைச் சாய்த்தார். முகம் தெரியவில்லை, உதடு தெரியவில்லை. அவருடைய கருவி அடுத்த வாரம்தான் வரும். ஸ்டிக்கரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, எனக்குக் கேக்கல. என்ன சொன்னா?”

“‘இனிமே அடிக்காதம்மா’ன்னு சொன்னா, டீச்சர்.”